ஆட்டக்களத்தில் தசையணு தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது?

சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில் பிறந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகைக் கிரிக்கெட்டிலும் இந்திய அணிக்காக அறிமுகமான டி. நடராஜனைப் போன்ற வேகப்பந்து வீச்சாளர்கள் பந்து வீசும்போது, உழைக்கும் தசைகளில் ஆக்சிஜன் தேவை பன்மடங்கு பெருகுகிறது. அப்போது இணையற்ற எலக்ட்ரான் கொண்டு வினைத்துடிப்புடன் இருக்கும் தனியுறுப்புகள் மிகுதியாகத் தோன்றி, உடலின் தடுப்பாற்றலை விஞ்சி, கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது.

இதற்கு எதிராக, சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி சூப்பர்ஆக்சைடு என்ற தனியுறுப்பை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற, கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் அதனை நீராக்கித் தீங்கைத் தணிக்கின்றன.

அளவான அழுத்தமே இந்நொதிகளைப் பெருக்கத் தூண்டும் சைகையாகவும் அமைவதால், நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் இ ஆகியவற்றை 4 வாரம் உட்கொண்டவர்களிடம் பயிற்சியின் இப்பயன் தடைப்பட்டதை 2009-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்று காட்டியது. எனவே மிகையான மாத்திரைகளைவிட, சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் எளிதில் கிடைக்கும் நிலக்கடலையும் நெல்லியும் கீரையும், முறையான பயிற்சியும், போதிய உறக்கமுமே வீரருக்கு உறுதியான துணையாகும்.