கோழிக்குஞ்சு எங்கிருந்து வருகின்றது?

கமக்காரர் வீட்டு வளவிலே பத்துக் கோழிகள் மேய்ந்து திரிவது நமது நாட்டிற் புதியதொரு வழக்கமன்று. சூடடித்த களத்திற் சிந்திய நெல்லையும் தோட்டத்துப் புழுக்களையும் பொறுக்கியுண்டு, வீட்டுக்கு முட்டையும் மரக்கறிப் பாத்திக்கு எருவும் தருவது கோழி. விதைநெல் வாங்கும்போது அது எவ்வயலில் விளைந்தது, கலப்பு உண்டா, முளைதிறன் எவ்வளவு என்று பலமுறை விசாரிக்கும் கமக்காரர், குஞ்சு வாங்கும்போது மட்டும் விலையொன்றையே கேட்கின்றனர். அக்குஞ்சு எங்கே பொரித்தது, அதன் தாய்க்கோழிகள் எந்நிலையில் வாழ்கின்றன, நமது படலைக்கு வந்து சேருமுன் அது என்ன பாடுபட்டது என்பவற்றை எவரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கடமையாற்றிய பிரிவிலே, கமக்காரர் ஒருவரின் மனைவியார் கத்தரிக்காய் விற்ற பணத்தைக் கொண்டு இருபது குஞ்சுகள் வாங்கினார். வண்டியிற் கூவி விற்றுவந்த வியாபாரியொருவர் கடதாசிப் பெட்டிகளில் அவற்றை அடுக்கி வைத்திருந்தார். “வாங்கலாமோ ஐயா?” என்று அவ்வம்மையார் என்னைக் கேட்டபோது, குஞ்சுகள் துடிப்பாக இருக்கின்றன என்று கூறியவன் நானே. நான்கு நாட்களுக்குள் பதினொரு குஞ்சுகள் இறந்தன. அடுத்த கிழமையில், வளவில் நின்ற பழைய கோழிகளும் பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி விழத் தொடங்கின. அது இராணிக்கெற் நோய். வேலிக்கு அப்பால் இருந்த மூன்று வீடுகளின் கோழிகளும் அவ்வாறே அழிந்தன. அயலவர்கள் அவ்வம்மையாரிடம் பலநாட் பேசவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அதன் பின்னரே சிந்திக்கலானேன்.

முதலாவது, தாய்க்கோழிகளைப் பற்றியது. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் புலோரம் நோய் பேட்டின் உடலிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்வது. பேடு நோயற்றது போலத் தோன்றும். ஆயின் அதன் குஞ்சுகள் பின்புறத்தில் வெண்மையான எச்சம் ஒட்டி, ஒடுங்கி இறக்கும். ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தே இந்நோயுள்ள பேடுகளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆதலால், “உங்கள் தாய்க்கோழிகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்வதுண்டா? அவற்றை நான் பார்க்கலாமா?” என்று விற்பவரைக் கேளுங்கள். நோய்க்கிருமி புகாதிருக்கும் பொருட்டுக் கூட்டினுள்ளே விட மறுப்பது நியாயமே. மறுக்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதே நமது எதிர்பார்ப்பு. தாய்க்கோழிகள் எங்கே இருக்கின்றன என்பதையே அறியாதவரிடம் குஞ்சு வாங்காதீர்கள்.

இரண்டாவது, பொரித்து எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்பது. இருபத்தோராம் நாளிலே குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருமுன், மஞ்சட் கருவின் மிகுதியைத் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளுகின்றது. முதலிற் பொரித்த குஞ்சு கடைசி முட்டை பொரிக்கும் வரை தாயின் கீழே காத்திருத்தற்கென இயற்கை செய்த ஏற்பாடு இது. இதனாலேயே இரண்டு மூன்று நாட்களுக்குத் தீனின்றி அதனை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல முடிகின்றது. இவ்வேற்பாட்டின் எல்லையை மீறிச் சிலர் வியாபாரஞ் செய்கின்றனர். தண்ணீரும் சூடுமின்றிச் சந்தை சந்தையாகச் சுற்றிய குஞ்சு, பார்வைக்குத் துடிப்பாயிருந்தாலும் உள்ளே வற்றியிருக்கும். திருவிழாக் கடைகளிற் சாயந் தோய்த்து விற்கப்படும் குஞ்சுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? மிருகங்களைக் கொடுமைப்படுத்துதலைத் தடுத்தற்கு 1907 ஆம் ஆண்டிலேயே நமது நாட்டில் இயற்றப்பட்ட 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடைபட்ட பறவைகளையும் உள்ளடக்கியதாகும். அத்தகைய குஞ்சு ஒன்றை இரக்கப்பட்டு வாங்கினாலும், அடுத்த பெட்டிக்கு நாமே முற்பணம் கொடுத்தவராவோம்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்க விரும்புவதில்லை. முட்டையிடும் இனங்களிற் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல்கள். அவை முட்டையிடா; இறைச்சியும் போதிய அளவு வைப்பதில்லை. ஆதலாற் பெரிய பொரிப்பகங்களில் முதல் நாளே பால் பிரித்து, சேவற் குஞ்சுகளைக் கொன்றுவிடுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. செர்மனி நாடு 2022 ஆம் ஆண்டு தொடக்கம் இதனைச் சட்டத்தால் தடைசெய்தது. அங்கே முட்டைக்குள்ளேயே பாலறியும் முறைகள் கையாளப்படுகின்றன. நமது கிராமங்களிலோ, இவ்வாறு கழிக்கப்பட்ட குஞ்சுகள் “பேடு” என்று சொல்லி மலிவாக விற்கப்பட்டதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கண்டுள்ளேன். ஐந்து மாதந் தீன் போட்ட பின்னர் வளவு முழுவதும் சேவல் கூவும்.

வீட்டு வளவுக்கு ஊர்க்கோழியே, அல்லது முட்டைக்கும் இறைச்சிக்கும் பயன்படும் இனமே பொருத்தமானது என்பது என் எண்ணம். ஊர்க்கோழி ஆண்டுக்கு நூறு முட்டைக்குக் குறைவாகவே இடும். உயர்ந்த முட்டையினப் பேடு முந்நூறையும் அணுகும். இவ்வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. எனினும், ஊர்க்கோழிச் சேவலுக்கு வீட்டிலும் சந்தையிலும் மதிப்புண்டு. பிறந்த நாளே கொல்லப்படுவதற்கு அங்கே காரணமில்லை. முட்டையினமே வேண்டுவோர் தமது பிரிவின் மிருக வைத்திய அலுவலகத்திற் பதிவுபெற்ற பொரிப்பகங்களைக் கேட்டறிந்து, முற்கூட்டியே சொல்லி வைத்து, பொரித்த அன்றே நேரிற் சென்று எடுத்தல் நன்று. மாரெக் நோய்க்கான தடுப்பூசி முதல் நாளிலேயே இடப்பட்டதா என்றும் கேளுங்கள். அரசாங்கப் பண்ணையாயினும் இக்கேள்விகளைக் கேட்கக் கூச வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் கிட்டிய பொரிப்பகம் அயல்வீட்டு அடைக்கோழி. ஒரு கிழமைக்கு மேற்படாத, கழுவாத, சுத்தமான முட்டைகள் பத்துப் பன்னிரண்டை அதன்கீழ் வைக்கலாம். விளக்குச் சூடும் வேண்டா, பெட்டிப் பயணமும் வேண்டா. காலமோ, பெரும்போக அறுவடை முடிந்த தை, மாசி மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஆலையில் உமியும் குறுநெல்லும் தாராளமாகக் கிடைக்கும். ஆயினும் தாயோடு வளரும் குஞ்சுக்கும் இராணிக்கெற் தடுப்பு மருந்து அவசியமே. அதனைக் கண்ணில் துளியாக இடலாம். வெளியிலிருந்து எக்கோழி வந்தாலும், தெரிந்தவர் தந்ததாயினும், மூன்று கிழமை வேறாக அடைத்து வைத்து, பழைய கோழிகளைக் கவனித்த பின்னரே அதனிடஞ் செல்லுங்கள்.

முன்னர்க் குறிப்பிட்ட அம்மையார் ஓராண்டு வரை கோழி வளர்க்கவில்லை. பின்னர்த் தம் தமக்கையாரின் ஊரிலிருந்து பன்னிரண்டு முட்டைகள் கொண்டுவந்து, பொரிப்பதிற் பாதி என்ற வாரத்துக்கு வேலிக்கப்பால் இருந்த வீட்டு அடைக்கோழியின் கீழ் வைத்தார். அவ்வீடும் முன்னர்க் கோழிகளை இழந்த மூன்றில் ஒன்று. ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. ஒற்றைக் குஞ்சு யாருக்கு என்ற வழக்கை என்னிடம் கொண்டுவந்தனர். முட்டையிடும் வயது வரும்வரை அது வேலியின் இரு பக்கமும் மேயட்டும் என்றேன்.