இருளில் சர்க்கரை உண்டு வளரும் பாசி

குளத்து நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டே வாழ்கின்றன என்று பள்ளியில் கற்பிக்கிறோம். பெரும்பான்மைக்கு அது பொருந்தும். ஆயினும், அவற்றுள் சில, ஒளி சிறிதும் புகாத கலத்தினுள் சர்க்கரையை உண்டு, வெயிலில் வளர்வதினும் அடர்த்தியாகப் பெருகும் இயல்புடையன. இதனைக் கேள்வியுற்றோர், சர்க்கரை ஆலைக்கு அருகே இருட்டுத் தொட்டி அமைத்துப் பாசி எண்ணெயோ மாட்டுத் தீவனமோ தயாரிக்கலாகாதா என்று களப்பணியாளரை வினவக்கூடும். விடை கூறுமுன் இதன் வரவுசெலவை அறிந்திருத்தல் நன்று.

இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டது குளோரெல்லா. ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜெரிங்க் 1890-ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். இருட்டறையில் முளைத்த நெல் நாற்று வெளுத்திருப்பதை யாவரும் அறிவர். குளோரெல்லாவோ ஒளியின்றியும் பச்சையத்தை உண்டாக்க வல்லது. எனவே இருளில் வளர்ந்தும் பச்சையாகவே இருக்கும். அதன் நெருங்கிய உறவினமாகிய புரோட்டோதிக்கா பச்சையத்தை அறவே இழந்து, பிற உயிர்கள் ஆக்கிய உணவையே நம்பி வாழ்கின்றது.

எல்லாப் பாசிகளுக்கும் இது கைகூடுவதில்லை. நீரில் கரைந்துள்ள குளூகோஸ் உயிரணுவின் சவ்வைக் கடந்து உட்செல்ல வேண்டும். அதனைச் சுமந்து செல்லும் புரதம் இல்லாத பாசி, சர்க்கரைக் கரைசலில் மூழ்கியிருந்தும் பட்டினி கிடக்கும். 2001-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. ஒளியின்றி வளராத கடற்பாசி நுண்ணுயிர் ஒன்றில், மனிதனின் இரத்தச் சிவப்பணுவில் குளூகோஸைக் கடத்தும் புரதத்திற்குரிய ஜீனைப் புகுத்தினர். அவ்வொரு மாற்றத்தாலேயே அது இருளில் குளூகோஸை உண்டு வளரலாயிற்று.

வெயிலில் வளரும் பாசி பெருகப் பெருகத் தன் நிழலாலேயே தடைப்படுகிறது. மேலடுக்கு ஒளியை விழுங்கிவிடக் கீழடுக்கு இருளில் வாடும். ஆகவே திறந்த குட்டையில் லிட்டருக்கு ஒரு கிராம் உலர் பாசி கிடைத்தாலே பெரிது. சர்க்கரையோ கலத்தின் எம்மூலைக்கும் சென்றடையும். மூடிய கலங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேலும் விளைவித்திருக்கின்றனர். பெய்ஜிங் நகரின் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர் 2006-இல் வெளியிட்டபடி, இவ்வாறு வளர்ந்த ஒரு குளோரெல்லா இனத்தின் உலர் எடையில் 55 சதவீதம் எண்ணெய்.

இனி செலவைக் காண்போம். ஒரு கிலோ குளூகோஸிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோ பாசியே கிடைக்கும். எஞ்சியது கரியமில வாயுவாக வெளியேறும். பாசியில் பாதி எண்ணெய் என்று கொண்டால், ஒரு கிலோ எண்ணெய்க்கு நான்கு கிலோ சர்க்கரை தேவை. அச்சர்க்கரையும் வயலில் வெயில் சமைத்ததே. இருட்டுத் தொட்டி, வெயிலைக் கரும்பின் வாயிலாக விலை கொடுத்து வாங்குகிறது. ஆலைக் கழிவுப்பாகு மலிவன்றோ எனலாம். அதிலுள்ள சர்க்கரையின் பெரும்பகுதி சுக்ரோஸ். குளோரெல்லா அதனை எளிதில் உண்பதில்லை. முதலில் அமிலத்தாலோ நொதியாலோ குளூகோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளக்க வேண்டும். மேலும், கழிவுப்பாகை வாங்குவதற்கு வடிசாலைகள் முன்னரே காத்திருக்கின்றன.

பிராணவாயுவும் ஒரு சிக்கல். ஒரு கிராம் குளூகோஸில் பாதியை எரிக்க அரைக் கிராமுக்குச் சற்று மிகுதியாகப் பிராணவாயு வேண்டும். நீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவே அது கரையும். ஆக, ஒரு கிராம் சர்க்கரைக்கு 65 லிட்டர் நீரிலுள்ள பிராணவாயு! இரவும் பகலும் காற்றைச் செலுத்திக் கலக்குவதற்கு மின்சாரம் தடையின்றி வேண்டும். சில மணி நேரம் மின்சாரம் நின்றாலும் வளர்ப்பு கெடும்.

அமெரிக்காவின் சோலசைம் நிறுவனம் பிரேசில் நாட்டில் சர்க்கரை ஆலையை ஒட்டி இத்தகைய தொழிற்சாலையை நிறுவி, 2014-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் கச்சா எண்ணெய் விலை பெரிதும் வீழ்ந்தது. பெயரை மாற்றிக்கொண்டும், உணவுப் பொருள்களில் கருத்தைச் செலுத்தியும், 2017-இல் அந்நிறுவனம் திவால் நிலையை அடைந்தது. மாறாக, கிரிப்தெகோடினியம் என்னும் பச்சையமற்ற கடலுயிரி இருளில் தரும் டி.எச்.ஏ. எண்ணெய், 2002 முதல் அமெரிக்காவில் குழந்தைகளின் பால்மாவில் சேர்க்கப்படுகிறது. விலையுயர்ந்த பொருளே இம்முறையின் செலவைத் தாங்கும். எரிபொருளோ தீவனமோ இன்றைய நிலையில் தாங்குவது அரிது.

ஆசிரியர்கள் இதனைச் சோதனையாகச் செய்து காட்டலாம். பாசிக்குரிய உப்புக் கரைசலை மூன்று குடுவைகளில் எடுத்து, இரண்டில் மட்டும் லிட்டருக்கு 10 கிராம் வீதம் குளூகோஸ் சேர்க்க. பஞ்சால் அடைத்து, பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்து ஆற விடுக. குளூகோஸ் உள்ள ஒன்றிலும் இல்லாத ஒன்றிலும் தாவரவியல் துறையிலிருந்து பெற்ற தூய குளோரெல்லாவை இடுக. மூன்றாவதில் ஒரு சொட்டுக் குளத்து நீர் போதும். யாவற்றையும் கறுப்புத் தாளால் சுற்றி, நாள்தோறும் பலமுறை குலுக்குக. குளத்து நீர் இட்ட குடுவை இரண்டொரு நாளில் பால்போல் கலங்கி நாற்றம் வீசும். பாசியைவிடப் பன்மடங்கு விரைவாகப் பெருகும் பாக்டீரியாக்களின் வேலை அது. சர்க்கரையுள்ள தூய குடுவை பச்சையாவதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.