போலீஸ் சுட்டு உயிர் போனால் நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

போலீசார் சுட்டதில் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், "சர்க்காரை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் ஆகப்போவது என்ன?" என்று ஒதுங்கிவிடுவோர் பலர். பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த குடும்பத்துக்கோ மொழித் தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால், வழி இருக்கிறது.

சுட்டவருக்குத் தண்டனை கோருவது கிரிமினல் வழக்கு. குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கோருவது வேறு வழக்கு. முன்னது முடியட்டும் என்று இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முன்பு இது எளிதாக இல்லை. மீரட் போலீசார் கைப்பற்றிய தங்கம் காணாமற்போன வழக்கில், அரசின் இறையாண்மைப் பணியில் நேர்ந்த தவற்றுக்கு அரசு பொறுப்பல்ல என்று 1964இல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. அந்தச் சுவரில் பெரிய வாசலைத் திறந்தது ஒரிசாவைச் சேர்ந்த ஒரு தாயின் கடிதம். 1987இல் போலீசார் பிடித்துச் சென்ற அவருடைய மகன் மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். கடிதத்தையே மனுவாக ஏற்ற சுப்ரீம் கோர்ட், 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. உயிர் வாழும் உரிமை பறிக்கப்பட்டால் அரசு அந்தப் பழைய வாதத்தைச் சொல்லித் தப்ப முடியாது என்றது தீர்ப்பு.

மணிப்பூரில் 1991இல் போலீசார் இருவரைச் சுட்டுக் கொன்று, "மோதல்" என்றனர். மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். மோதலே நடக்கவில்லை, பிடித்துச் சென்று சுட்டார்கள் என்று தெரியவந்தது. 1997இல் குடும்பத்துக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் வழங்க ஆணையாயிற்று. தொகை சிறிதுதான். ஆனால் போலீஸ் சொன்ன கதை பொய் என்பது தீர்ப்பில் பதிவாயிற்று.

போலீஸ் மோதலில் மரணம் நேர்ந்தால் பின்பற்ற வேண்டிய விதிகளை 2014இல் சுப்ரீம் கோர்ட் வகுத்தது. சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தார் புலன் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு. பிரேதப் பரிசோதனையை இரு மருத்துவர்கள் செய்து, வீடியோவில் பதிய வேண்டும். விதி மீறப்பட்டால் குடும்பத்தார் செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம்.

குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டியவை:

* பிரேதப் பரிசோதனை அறிக்கை, எஃப்.ஐ.ஆர். நகல்களைத் தாமதமின்றிக் கேட்டு வாங்குங்கள்.

* சம்பவம் நடந்த மாநிலத்தின் ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம். 2015 ஏப்ரல் 7இல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இறந்த ஒருவருடைய மனைவி ஹைதராபாத் ஹைகோர்ட்டை நாடினார்.

* பெண்களுக்கு வருமான வரம்பின்றி, சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும்.

* தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் இல்லை. ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

கணவனையோ பிள்ளையையோ எந்தத் தொகையும் திருப்பித் தராது. ஆனாலும் இது கருணைத் தொகை அன்று, உரிமை. தெரிந்த குடும்பம் எதுவும் இத்தகைய துயரில் சிக்கினால், முதல் மனுவை எழுதவாவது நம்மவர்கள் துணை நிற்க வேண்டும்.