கும்பகர்ணனுக்கு எந்தக் கட்டம்?

போன எபிசோடில் பால்டர்ஸ் கேட் 3 பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை வேகமா தாண்டிப் போயிட்டோம். அந்த கேமில் கேரக்டர் உருவாக்கும்போது ரேஸ், கிளாஸ், பின்னணி எல்லாம் கேட்கும். "நீ நல்லவனா, கெட்டவனா?" என்று மட்டும் கேட்காது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை வைத்து 2023-ல் வந்த கேமில், அந்த விளையாட்டை ஆடாதவர்களுக்கும் மீம் வழியாகத் தெரிந்த அலைன்மென்ட் இல்லை. "அது இல்லாம எப்படிங்க டி அண்ட் டி?" என்று தோஹாவிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளம்.

தெரியாதவர்களுக்காக: மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது கட்டம். ஒரு பக்கம் லாஃபுல், நியூட்ரல், கேயாட்டிக். அதாவது விதிக்குக் கட்டுப்படுகிறவனா, இல்லை மனசு போன போக்கில் போகிறவனா. இன்னொரு பக்கம் குட், நியூட்ரல், ஈவில். உங்கள் கேரக்டர் இதில் ஒரு கட்டத்தில் உட்கார வேண்டும். லாஃபுல் குட் என்றால் நேர்மையான போலீஸ் அதிகாரி. கேயாட்டிக் குட் என்றால் இருக்கிறவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுக்கும் ஹீரோ. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டையும் விளக்கவே தேவையில்லை.

ஆனால் இது ஒழுக்கத்தை அளக்க வந்த கருவி இல்லை. 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட செயின்மெயில், மேஜையில் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அதன் கற்பனை உலகப் பகுதியில் எல்ஃப் எந்தப் படையில், ஓர்க் எந்தப் படையில், யார் இரண்டு பக்கமும் போகலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. 1974-ல் முதல் டி அண்ட் டி வந்தபோது அதே லா, நியூட்ராலிட்டி, கேயாஸ் தொடர்ந்தது. பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் கதைகளில் வரும் ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் இடையிலான பெரும் போர்தான் அதற்கு மூலம். தமிழில் இதற்குச் சரியான சொல் 'அணி'. அணிசேரா நாடுகள் என்று ஸ்கூலில் படிச்சோமே, அந்த அணி. சண்டை வந்தால் எந்தப் பக்கம் நிற்பாய் என்பதுதான் கேள்வி. நீ எப்படிப்பட்ட மனுஷன் என்பது அப்போது யாருக்கும் கவலை இல்லை.

1976-ல் கைகாக்ஸ் ஒரு கட்டுரையில் நல்லது, கெட்டது என்ற இரண்டாவது அச்சைச் சேர்த்தார். 1978-ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒன்பது கட்டமும் வந்துவிட்டது. அதோடு தண்டனையும் வந்தது. பாலடின் லாஃபுல் குட்டாகத்தான் இருக்கணும், தவறினால் சக்தி போச்சு. அலைன்மென்ட் மாறினால் ஒரு லெவல் இறங்கும். எந்தச் செயல் எந்தக் கட்டம் என்று தீர்ப்பு சொல்வது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். அன்றிலிருந்து இன்றுவரை உலகத்தின் பாதி டி அண்ட் டி மேஜைகளில் நடக்கும் சண்டைக்கு அதுதான் காரணம் என்பேன்.

நம்ம ஊரில் இந்தச் சண்டைக்கு ஒரு மேடையே உண்டு: பட்டிமன்றம். துபாயிலோ மஸ்கட்டிலோ பொங்கல் விழா என்றால் ஊரிலிருந்து நடுவரை வரவழைத்து, கர்ணனா கும்பகர்ணனா என்று இரண்டு மணி நேரம் பேசுவோம். கும்பகர்ணனையே எடுத்துக்குவோம். கம்பன் காட்டும் கும்பகர்ணன், சீதையை விட்டுவிடு என்று அண்ணனிடம் நேரடியாகச் சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை. செய்வது தப்பு, போனால் சாவு என்று தெரிந்தே போருக்குப் போகிறான். விபீஷணன் வந்து ராமன் பக்கம் கூப்பிடுகிறான். வளர்த்தவனை விட்டு வர மாட்டேன் என்கிறான்.

இவனுக்கு எந்தக் கட்டம்? எங்கள் சனிக்கிழமை மேஜையில் கேட்டுப் பார்த்தேன். ஷார்ஜா அல் நஹ்தாவில் ஒரு ஃபிளாட்டில் ஆறு பேர் ஆடுகிறோம். ஒருத்தர் லாஃபுல் ஈவில் என்றார், காரணம் அரக்கர் படை. ஒருத்தர் லாஃபுல் நியூட்ரல். இன்னொருத்தர் லாஃபுல் குட், விவாதமே கிடையாது என்றார். மூன்று பேரும் 'லாஃபுல்' என்றதைக் கவனிங்க. எந்த லா? அரசன் ஆணையா, அண்ணன் உறவா, சோறு போட்ட கடனா, இல்லை அறமா? கும்பகர்ணனுக்குள் இந்த நாலும் மோதுகிறது. அந்த மோதல்தான் கதை. கட்டத்தில் டிக் அடித்த நொடி கதை காணாமல் போகிறது.

எனக்கு வேலை டேட்டாபேஸ் பக்கம், அதனால் எனக்கு இது டிசைன் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. அலைன்மென்ட் என்பது கேரக்டர் டேபிளில் ஒரு காலம். ஒன்பது மதிப்பு உள்ள ட்ராப்-டவுன். ஆனால் அதில் நாம் சேமிக்க நினைக்கும் தகவல் அந்த ஆளுக்குள் இல்லை. அவனுக்கும் இன்னொருத்தருக்கும் நடுவில் இருக்கிறது. ராவணனோடு இருக்கும் கும்பகர்ணனும், விபீஷணனோடு பேசும் கும்பகர்ணனும் ஒரே ஆள்தான், உறவு வேறு. அதற்குத் தனி டேபிள் வேண்டும். கல்ஃபில் இருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். முதல் மாசம் பெட் ஸ்பேஸ் பிடித்துக் கொடுத்தவர், விசா ஏற்பாடு பண்ணின மாமா, இவர்களுக்கு எதிராக வாய் திறக்க வேண்டிய நாள் வந்தால் நாம் எந்தக் கட்டம்?

கம்ப்யூட்டர் கேம்கள் இதே பாதையில்தான் தட்டுத் தடுமாறி வந்தன. 1985-ல் ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா 4. கடைசியில் கொல்ல வில்லனே கிடையாது. எட்டு நற்குணங்களில் தேறி 'அவதார்' ஆக வேண்டும். ஆமாம், நம்ம அவதாரம்தான். மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது, எவ்வளவு காசு வைக்கிறாய் என்று நீயே டைப் செய்ய வேண்டும். குறைத்து வைத்தால் யாரும் திட்ட மாட்டார்கள். நேர்மைக் கணக்கு மட்டும் உள்ளுக்குள் இறங்கும். எண்ணைக் காட்டவே மாட்டார்கள். கோட்டையில் ஒருவரைக் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்வார். இது அப்படியே சித்திரகுப்தன் டிசைன். அவரும் கணக்கு எழுதுகிறார், உயிரோடு இருக்கும்வரை டேஷ்போர்டைக் காட்டுவதில்லை.

காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ் எஃபெக்ட் உதாரணம். பாரகன், ரெனகேட் என்று இரண்டு மீட்டர். குறிப்பாக 2010-ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரு மீட்டர் நன்றாக ஏறியிருந்தால்தான் சில முக்கியமான வசனங்களே திறக்கும். ஒரு இடத்தில் இரக்கம், இன்னொரு இடத்தில் கண்டிப்பு என்று மனுஷன் மாதிரி ஆடியவனுக்கு இரண்டும் கிடைக்காது. அதனால் என்ன செய்தோம்? காட்சியைப் படிக்காமலே நீல நிற ஆப்ஷனைத் தட்டினோம். அந்தத் தொடரில் வேலை செய்த ஜான் எபெங்கர் 2020-ல் சொன்னபடி, சுமார் 92 சதவீதம் பேர் பாரகன். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் உண்மையிலேயே யோசித்து நல்லது செய்தார்கள், எத்தனை பேர் பாயின்ட் சேர்த்தார்கள் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது.

அதே 2010-ல் வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு கூட்டமும் உன்னைப் பற்றித் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கும். அதிலும் நல்ல பெயர் ஒரு எண், கெட்ட பெயர் இன்னொரு எண். ஒன்றை ஒன்று கழிக்காது. ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவன் நாளைக்கு அதே ஊரில் ஒரு கொலை செய்தால் கணக்கு பூஜ்யம் ஆகாது. ஊர் இரண்டையும் ஞாபகம் வைத்திருக்கும். பால்டர்ஸ் கேட் 3-ம் இந்த வழிதான். கூட வரும் ஒவ்வொருவருக்கும் உன் மேல் தனி அபிப்பிராயம். பாலடின் என்றால் அவன் எடுத்த சபதம் எதுவோ அதுதான் அளவுகோல்.

இதில் கசப்பான பகுதி ஒன்று இருக்கிறது. கட்டத்தை ஒரு ஆளுக்கு ஒட்டுவது ஒரு விஷயம், ஒரு இனத்துக்கே ஒட்டுவது வேறு. 2014 மான்ஸ்டர் மானுவலில் ஓர்க் என்றால் கேயாட்டிக் ஈவில், அவ்வளவுதான். 2020-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே இந்தச் சித்தரிப்பு சரியில்லை, மாற்றுகிறோம் என்று அறிவித்தது. 2024 ஹேண்ட்புக்கில் ஓர்க் நீங்களே ஆடக்கூடிய இனம். "எல்லாத்தையும் மாத்துறாங்க" என்று அப்போது நிறைய புலம்பல். ஆனால் இங்கே ஆபீசில் ஓணம் சாப்பிடாதவர் யார்? கேலண்டரில் ஓணம் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் ஏதாவது ஒரு அசோசியேஷனில் சத்யா நடந்துகொண்டிருக்கும். அந்தப் பூக்கோலம் யாருக்கு? மகாபலிக்கு. பிறப்பால் அசுரன். மான்ஸ்டர் மானுவல் எழுதியிருந்தால் 'ஈவில்' என்று போட்டிருப்பார்கள். இங்கே வருஷா வருஷம் இலை போட்டு அவன் வரவுக்குக் காத்திருக்கிறார்கள். பிரகலாதனும் அந்த வம்சம்தான்.

அப்போ தேவையே இல்லையா? மாஸ்டர் பக்கத்தில் கொஞ்சம் தேவை. எட்டு காப்ளினை ஒரே நேரத்தில் நடத்தும்போது, சரணடைந்தவனை விடுவானா குத்துவானா என்று முடிவெடுக்க ஒரு வார்த்தைக் குறிப்பு உதவும். தேவர், அசுரர் என்று பிரபஞ்சமே இரண்டு அணியாக நிற்கும் கதை என்றாலும் சரி, பழைய அர்த்தத்தில் அணி இருக்கட்டும். ஆடுபவரின் ஷீட்டில் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பாத்ஃபைண்டர் 2023 இறுதியில் வந்த திருத்தப் பதிப்பில் அதை எடுத்தேவிட்டது. லைசென்ஸ் தகராறுதான் அதற்குத் தூண்டுதல், ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. அந்த இடத்தில் இப்போது உன் தெய்வமோ கொள்கையோ எதைச் செய்யச் சொல்கிறது, எதைச் செய்யவே கூடாது என்கிறது என்று இரண்டு பட்டியல்.

நாங்கள் அதைவிடச் சுருக்கினோம். புதுசாக வருபவரிடம் மூன்று கேள்வி: நீ யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய்? யார் சொன்னால் மறுக்க மாட்டாய்? எவ்வளவு காசு கொடுத்தாலும் எதைச் செய்ய மாட்டாய்? இதற்கு முன் கேம் பக்கமே வராத ஒரு நண்பர், கிளீனிங் கம்பெனியில் சூப்பர்வைசர், குள்ளக் கொல்லன் கேரக்டர் எடுத்தார். கடன்: தொழில் கற்றுக் கொடுத்த சித்தப்பாவுக்கு. மறுக்காதது: அதே சித்தப்பா. செய்யாதது: கூலி பிடிப்பது. மூன்றாவது வாரம் அந்தச் சித்தப்பாவையே சுரங்க மேஸ்திரியாகக் கொண்டுவந்தேன், நாற்பது பேருக்குக் கூலி பாக்கி வைத்தவராக. நண்பர் டைஸை எடுக்கவே இல்லை. ராத்திரி பதினொன்றரை வரை சித்தப்பாவோடு பேசிக்கொண்டே இருந்தார். சித்தப்பாவாகப் பேசிய எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பாக்கி அடுத்த சனிக்கிழமை.