மினசோட்டாப் பிள்ளைகள் இரிங்கா போவது எதற்கு?

டீ ஆறிவிடும், முதலில் ஒரு வாய் குடியுங்கள். நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் ஏதோ ஒரு சர்ச்சின் வாலிபர் கூட்டம், பள்ளிக்கூடம்கூட முடிக்காத பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், கூடவே நாலைந்து பெரியவர்கள், கோடை விடுமுறையில் ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார்கள். கேட்டால் ‘மிஷன் டிரிப்’ என்கிறார்கள். மதம் மாற்றப் போகிறார்களா, கட்டடம் கட்டப் போகிறார்களா, சும்மா ஊர் சுற்றவா? மூன்றும் நடப்பதுண்டு. பொதுவாகப் பேசினால் சண்டைதான் வரும். ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் என்று ஒரு நகரம். அதைச் சுற்றியிருக்கிற லுத்தரன் சபைகள் சேர்ந்தது செயின்ட் பால் வட்டார சினட், நம் சி.எஸ்.ஐ. கணக்கில் ஒரு திருமண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து இதற்கும் தான்சானியாவின் இரிங்கா திருமண்டலத்துக்கும் உறவு. ‘பேகா குவா பேகா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோளோடு தோள் என்று சுவாஹிலியில் அர்த்தம். இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கம் ஒரு சேகரம் என்று சோடி சேர்த்திருக்கிறார்கள். ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிறார்கள். மினசோட்டாப் பணத்தில் இரிங்காப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி படிக்கிறார்கள், இலூலா ஆஸ்பத்திரிக்கு உதவி போகிறது.

மதம் மாற்றுகிற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. அந்தப் பகுதிக்கு ஜெர்மன் மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டார்கள். ஏழு சபைகள் ஒன்றாகி 1963இல் உருவான தான்சானியா லுத்தரன் சபை இன்று உலகின் மிகப் பெரிய லுத்தரன் சபைகளில் ஒன்று. பல லட்சம் பேர். அமெரிக்காவிலோ லுத்தரன் கோயில்களில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு நிரம்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் மினசோட்டாக்காரர்தான் இரிங்கா போக வேண்டும்.

புறப்படுவதற்கு முன் நடக்கிற கூத்து எல்லா ஊரிலும் ஒன்றுதான். கார் கழுவிக் காசு சேர்ப்பது, கோயில் ஹாலில் ஸ்பெகட்டி விருந்து வைப்பது, மலேரியா மாத்திரை, பெற்றோர் கையெழுத்து. அதை விடுங்கள், பயணத்துக்கு வருவோம். பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம் வழியாக தாருஸ்ஸலாம். அங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு முழுப் பகல். நெடுஞ்சாலை மிக்குமி தேசியப் பூங்காவை ஊடறுத்துப் போவதால் ஜன்னல் வழியாகவே ஒட்டகச்சிவிங்கியும் யானையும் தெரியும். பிறகு கிட்டோங்கா மலைப்பாதை. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் இரிங்கா. ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரம், ராத்திரியில் ஸ்வெட்டர் வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று அரைக்கை சட்டையோடு வந்த பிள்ளைகள் முதல் ராத்திரியே நடுங்கும்.

சேகரத்தில் ஒரு குருவானவர்தான் இருப்பார். சுற்றியுள்ள கிராமங்களின் சிறு கோயில்களை உபதேசியார்கள் பார்த்துக்கொள்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விருந்தாளி வந்ததும் முதலில் கைக்குத் தண்ணீர்: வீட்டில் ஒருத்தர் குடத்திலிருந்து வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்ற, கீழே பிடித்த பேசினுக்கு மேல் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு மந்தாசி என்கிற பொரித்த பணியாரமும் சாயும். ஆமாம், அங்கேயும் ‘சாய்’தான்; பக்கத்து முஃபிண்டி மலையில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன.

ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு பாடகர் குழு போதாது, வாலிபர் குழு, பெண்கள் குழு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். முடிந்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வாசலில் ஏலம். காணிக்கையாகப் பணம் போட முடியாதவர்கள் கொண்டுவந்த மக்காச்சோளம், நாலு முட்டை, கரும்பு, கால் கட்டிய கோழி. நம் அறுப்பின் பண்டிகை ஏலம் அப்படியே நினைவுக்கு வரும். அது ஆண்டுக்கு ஒரு தடவை, இது அடிக்கடி. வெள்ளைக்காரப் பையன் கோழிக்குக் கை தூக்கினால் கூட்டம் சும்மா விடுமா? விலையை ஏற்றிவிட்டுச் சிரிக்கும். எடுத்தவன் கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விழிப்பான், பிறகு குருவானவர் மனைவியிடம் கொடுப்பான். இல்லாதவர் என்று தான் நினைத்து வந்த ஆட்கள் கோயிலுக்குக் கொடுப்பதை அவன் கண்ணால் பார்ப்பது அப்போதுதான். பயணத்தில் உருப்படியான நேரம் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கட்டடம் கட்டுகிற பயணம் வேறு கதை. 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. வட அமெரிக்கக் குழுக்கள் வரிசையாக வந்து வீடு கட்டிக் கொடுத்தன. அங்கேயே வசித்த கர்ட் வெர் பீக் என்ற கால்வின் கல்லூரிப் பேராசிரியர் அந்த வீடுகளை ஆராய்ந்து 2006இல் எழுதினார். பயணச் செலவையும் சேர்த்தால் குழுக்கள் கட்டிய ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர்; உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பு கட்டியதற்கு 2,000 டாலர். குடியிருப்பவர்களைக் கேட்டால் இரண்டு வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்லவில்லை. ‘இந்தப் பயணம் என்னை மாற்றிவிட்டது, இப்போது அதிகம் கொடுக்கிறேன்’ என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். காணிக்கைக் கணக்கைப் பார்த்தால் அப்படியொன்றும் ஏறவில்லை. கொத்தனார் வேலை தெரிந்தவன் ஊரிலேயே சும்மா உட்கார்ந்திருக்க, கரண்டி பிடிக்கத் தெரியாத பதினாறு வயசுப் பையனை விமானத்தில் வரவழைத்துச் செங்கல் அடுக்கச் சொல்வது அபத்தம். எத்தனை நல்ல மனசோடு செய்தாலும் அபத்தம்தான். இவான் இல்லிச் என்ற பாதிரியார் 1968லேயே மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்களை முகத்துக்கு நேரே கண்டித்துப் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுகிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

அப்படியானால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கலாமே என்பீர்கள். வீடு கட்டுவதுதான் நோக்கம் என்றால் அதுவே சரி. உறவுக்காகப் போவதை மட்டும் அந்தத் தராசில் நிறுக்க முடியாது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்த பஸ் செலவை யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

உறவுதான் முக்கியம் என்று வெகு காலத்துக்கு முன்பே உரக்கச் சொன்னவர் நம் ஆள்தான். வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரர். 1902இல் யாழ்ப்பாணம் போனவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று, உங்கள் தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு வேண்டியது நட்பு என்கிற அர்த்தத்தில் பேசினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

நட்பு என்றால் போக்குவரத்து இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இடிக்கிற இடம் இதுதான். மினசோட்டாப் பையன் வழக்கமாக 100 டாலர் கட்டி விசா வாங்கிவிடுவான். இரிங்கா வாலிபன் அமெரிக்கா போக வேண்டுமானால் 2025 வரை தாருஸ்ஸலாம் தூதரகத்தில் நேர்காணலைத் தாண்ட வேண்டியிருந்தது. 2023இல் விண்ணப்பக் கட்டணமே 185 டாலர் ஆனது, விசா மறுத்தாலும் திரும்பாது. ‘திரும்பிப் போவாய் என்று எப்படி நம்புவது’ என்று அதிகாரி கேட்டால் வேலையும் சொத்தும் இல்லாத இருபது வயசுக்காரன் எதைக் காட்டுவான்? அதனால் இரிங்காவிலிருந்து குருவானவரும் பேராயரும் போனார்கள். வாலிபர்கள் போனது அபூர்வம்.

நம் திருமண்டலங்களிலும் வெளிநாட்டுக் கூட்டாளிச் சபைகள் உள்ளவை உண்டு. உங்கள் சபைக்கு அப்படியொரு வாலிபர் குழு வருவதாகக் கடிதம் வந்தால் சந்தோஷமாக வரச் சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலை மட்டும் நீங்களே எழுதுங்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம், ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகள் இரண்டு பேரின் விசாச் செலவும் டிக்கெட்டும் அவர்கள் பட்ஜெட்டில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.