தூங்கினால் கூலி இல்லை!

காலை ஆறு மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போனால் கத்தரிக்காய் பளபளவென்று மின்னுகிறது. வெண்டைக்காயின் நுனியைத் தொட்டால் போதும், ‘டக்’கென்று ஒடிகிறது. “நேற்றுப் பறித்ததுதான் அம்மா!” என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்.

நேற்று மாலை ஒட்டன்சத்திரம் சந்தையில் இருந்த காய் இன்று விடிவதற்குள் சென்னைக்கு வந்துவிட்டது. நடுவே சுமார் 450 கிலோமீட்டர் தூரம் இருக்கிறதே, காய் என்ன, பறந்தா வந்தது? நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிய நேரத்தில் ஒரு மனிதர் உறங்காமல் இருந்தார். அதனால்தான் நம் வீட்டுச் சாம்பாருக்குப் புதுக் காய் கிடைத்தது.

அவர் ஏன் உறங்கவில்லை? கடமையில் கண்ணாயிருந்ததால் என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் உறங்கினால் கூலி இல்லை!

நாற்பது கிலோமீட்டர்

தெற்கேயிருந்து சென்னைக்கு வரும் லாரிகளில் மிகப் பல கடந்தாக வேண்டிய ஒரு பாதை உண்டு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவேயுள்ள சுமார் 40 கிலோமீட்டர் தான் அது. திருச்சிச் சாலை விழுப்புரத்துக்கு வருகிறது. திருவண்ணாமலைச் சாலையும் புதுச்சேரிச் சாலையும் அங்கே வந்து கலக்கின்றன. சற்று வடக்கே வந்தால் விக்கிரவாண்டி. தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வருகிறவர்கள் அங்கே சேர்ந்துகொள்கிறார்கள். திண்டிவனத்தை எட்டினால் புதுச்சேரியிலிருந்து ஒரு சாலை, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சாலை. ஆறுகள் கூடுவது போலச் சாலைகள் கூடுமிடம் இது.

மேலே சொன்ன காய்கறி லாரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்குப் புறப்படுகிறது. பாரம் ஏற்றிய வண்டி, நிற்கும் இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், மணிக்குச் சராசரி 45 கிலோமீட்டர் போகும். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வந்து விழுப்புரத்தைத் தொடும்போது இரவு இரண்டு மணி ஆகிவிடும். டிரைவர் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்தவர் என்று வைத்துக்கொண்டால், அவர் கண் மூடாமல் இருபது மணி நேரம் ஆகியிருக்கும். சென்னை இன்னும் 160 கிலோமீட்டர்!

பகலில் அவர் தூங்கியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். பகலில் அவர் சும்மா இருக்கவில்லை. சரக்கு வரும் வரையில் காத்திருந்தார். மூட்டை ஏறும்போது கணக்குப் பார்த்தார். தார்ப்பாய் கட்டினார். டயரைத் தட்டிப் பார்த்தார். இவையெல்லாம் வேலைதான், ஆனால் கூலிக் கணக்கில் ஏறாத வேலை.

குடிக்காமலே மயக்கம்

உறக்கமின்மை என்ன செய்யும் என்பதை விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1997-இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையின் முடிவு ‘நேச்சர்’ என்ற பிரபல விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயிற்று. கண்ணும் கையும் ஒத்துழைக்கும் திறமையை அவர்கள் சோதித்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் நிலை, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தாலோ, ஏறக்குறைய 100 மில்லிகிராம் கணக்கு!

நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். அதைத் தாண்டினால் குற்றம். போலீஸ்காரர் ஊதச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுகிறார். உறக்கமில்லாத டிரைவரை எதை ஊதச் சொல்லிக் கண்டுபிடிப்பது? ஒரு சொட்டு மதுவையும் தொடாத மனிதர், குடித்தவரைப் போல் ஓட்ட நேருகிறது. அவருக்கே அது தெரிவதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் பதினேழு மீட்டர் போகும். நான்கு விநாடி கண் சொருகினால் சுமார் 67 மீட்டர் தூரம் வண்டி தானாகப் போகிறது என்று பொருள். பின்னிரவு இரண்டிலிருந்து ஆறு மணி வரை மனித உடம்பு தூக்கத்துக்கு இரங்கும் நேரம். எத்தனை டீ குடித்தாலும் இயற்கை விடுவதில்லை.

சரி, ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கினால்? அதிலும் அபாயம் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் மீது பின்னால் வரும் வண்டி மோதுவதைப் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பத்திரமான நிறுத்துமிடம் கிடைத்தாலும் டீசலைத் திருடிவிடுவார்களோ, தார்ப்பாயை அறுத்துவிடுவார்களோ என்று ஒரு கண் விழித்தே இருக்க வேண்டியிருக்கிறது.

2022-இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துக்கள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு. மத்திய அரசின் கணக்குப்படி அந்த ஆண்டில் இங்கே 64,105 விபத்துக்கள். மாண்டவர்கள் 17,884 பேர். இவை அனைத்துக்கும் லாரிகள்தான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் லாரி டிரைவரின் உறக்கம் அவர் சொந்த விஷயம் மட்டும் அல்ல. அதே சாலையில் பஸ்ஸிலும் காரிலும் போகும் நம் விஷயமும்தான்.

நடைக்கு இவ்வளவு

லாரித் தொழிலில் மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்தாலும் அது பல இடங்களில் பெயருக்குத்தான். உண்மையான வருமானம் ‘நடை’யில் இருக்கிறது. ஒரு நடைக்கு இவ்வளவு பேட்டா, அல்லது வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேச்சு. இரண்டு நாளில் போய் வந்தாலும் அதே தொகை. நான்கு நாள் ஆனாலும் அதே தொகை. ஆகவே மாதத்தில் ஒரு நடை கூடினால் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டலாம். ஒரு நடை குறைந்தால் மளிகைக் கடையில் பாக்கி.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சரக்கு இறக்கத் தாமதமாகி லாரி நின்றுவிட்டால், ‘ஹால்டிங்’ என்று ஒரு தொகை கேட்கும் வழக்கம் லாரித் தொழிலில் உண்டு. நிற்கும் இரும்புக்குக் கூலி கேட்கலாம். கூடவே நிற்கும் மனிதருக்கு?

2020-இல் சேவ்லைஃப் என்ற அறக்கட்டளை, சென்னை உள்படப் பத்து நகரங்களில் 1,200-க்கு மேற்பட்ட லாரி டிரைவர்களை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் சராசரியாக நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டுகிறார்கள். களைப்போ தூக்கமோ வந்தாலும் ஓட்டுவதாகச் சொன்னவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். பாதிக்கு மேற்பட்டவர்களின் மாத வருமானம் 10,000 ரூபாய்க்கும் 20,000 ரூபாய்க்கும் இடையே. இந்தத் தொழிலுக்கு வா என்று உறவினருக்குச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 100-க்கு 84 பேர்!

விழுப்புரத்திலேயே இன்னொரு வகை டிரைவர்களைப் பார்க்கலாம். அது பெரிய ரயில்வே ஜங்ஷன் அல்லவா? ரயில் எஞ்சினை ஓட்டுகிறவர் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டு ஏறினார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நேரம் முடிந்தால் வேறொருவர் ஏறுகிறார். இறங்கியவர் படுக்க ‘ரன்னிங் ரூம்’ என்ற ஓய்வறை இருக்கிறது. அவர்களுக்கும் குறைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுகிறவன் தூங்க வேண்டும் என்பதை ரயில்வே ஒப்புக்கொண்டிருக்கிறது. பக்கத்துச் சாலை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டம் எங்கே போயிற்று?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. நெடுந்தூரப் பாதைகளில் அனுமதி பெற்று 10 மணி வரை போகலாம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு, இரண்டு நாள் வேலைகளுக்கு நடுவே ஒன்பது மணி ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அது செல்லும்.

2025 நவம்பர் 21 அன்று தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு என்ற புதுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. எட்டு மணி நேர வேலை, இரட்டிப்புக் கூலி ஆகியவை இதிலும் உண்டு. ஆனால் மோட்டார் போக்குவரத்து நிறுவனம் என்று கொள்ள, பத்துத் தொழிலாளர்கள் இருக்க வேண்டும். நம் நாட்டு லாரிகளில் பெரும் பகுதி, ஒன்றும் இரண்டும் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுடையவை. அங்கே வேலை செய்கிறவர் எந்தக் கதவைத் தட்டுவது?

முன்பெல்லாம் நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஒருவர் ஓட்டினால் மற்றவர் பின்னால் கண் அயரலாம். 2018-இல் அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள். பேச்சுத் துணைக்கு இருந்த கிளீனரும் பல வண்டிகளிலிருந்து மறைந்துவிட்டார். 2017-இல் சரக்கு சேவை வரி வந்ததும் எல்லையிலிருந்த வரிச் சோதனைச் சாவடிகள் போயின; 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் கட்டாயமாயிற்று. வண்டிகள் விரைந்து போகின்றன. மிச்சமான நேரத்தை டிரைவரின் தூக்கத்துக்குக் கொடுத்திருக்கலாம். இன்னொரு நடைக்குக் கொடுக்கத்தான் கூலி முறை தூண்டுகிறது.

நல்லதும் நடந்திருக்கிறது. இப்போது தயாராகும் புது லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம். கொதிக்கும் எஞ்சின் பக்கத்தில் கோடை முழுவதும் வெந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் குளிர்ச்சியான அறையில் உட்கார்ந்தாலும் இருபது மணி நேர விழிப்பு விழிப்புத்தானே?

சிறு முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. தவணை, டீசல், டயர், சுங்கம், தரகு எல்லாம் போக அவர் கையில் நிற்பதும் சொற்பமே. பல சமயம் அவரே டிரைவர்! ஐரோப்பிய நாடுகள் இதற்கு ஒரு வழி கண்டன. 2006-இல் வந்த அவர்கள் விதி, நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு என்கிறது. ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் கருவி வண்டியிலேயே இருக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்து வரும்படி, ஓடிய தூரத்தையோ சுமந்த சரக்கையோ வைத்துக் கூலி தரக் கூடாது என்றும் தடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2012-இல் டிரைவர் கூலியையும் சாலைப் பாதுகாப்பையும் சேர்த்து விசாரிக்கத் தனி மன்றமே அமைத்தது. சொந்த லாரிக்காரர்கள் பிழைப்பு போகும் என்று எதிர்த்ததன் பேரில் 2016-இல் அதைக் கலைத்தது. ஆக, காரியம் சுலபமல்ல. ஆனால் கூலிக்கும் விபத்துக்கும் முடிச்சு இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர் கவனத்துக்கு

லாரி டிரைவரின் மனைவி எந்த நேரமும் டெலிபோன் மணிக்குப் பயந்தவள். நம் வாசகிகளில் சிலர் அந்த வீடுகளில் இருக்கலாம். பலருக்கு அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள்:

விபத்து நேர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. 2021 டிசம்பர் 18 அன்று இதே சாலையிலுள்ள மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கிற்று. காயமடைந்தவர் எந்த ஊர்க்காரராயினும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கலாகாது. தொடங்கியபோது 1 லட்ச ரூபாய் வரை அரசு ஏற்றது. விழுப்புரம் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நெடுஞ்சாலை மீதே இருக்கிறது.

இரண்டாவது, நஷ்டஈடு. வேலையின்போது, வேலையின் காரணமாகத் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு ஈடு தர வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. உரிமை போகவில்லை. ‘தப்பு உங்கள் வீட்டுக்காரர் மேல்தான்’ என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். மரணம் நேர்ந்த வழக்கில் டிரைவரின் கவனக்குறைவு மட்டும் இந்த ஈட்டைத் தடுக்காது.

தொகையைக் கணக்கிடுவது மாதச் சம்பளத்தை வைத்து. 2020 ஜனவரியில் இதற்கென மத்திய அரசு நிர்ணயித்த உச்ச சம்பளம் 15,000 ரூபாய். அதில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. அதன்படி ஈடு 14,77,950 ரூபாய். சம்பளம் 8,000 என்று காட்டப்பட்டாலோ, 7,88,240 ரூபாய்தான். பேட்டாவை ரொக்கமாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு நஷ்டம் என்று இப்போது புரிகிறதல்லவா?

ஆகவே, பணம் பாங்குக் கணக்கில் வரும்படி பாருங்கள். முடியாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நடை, வாங்கிய தொகை மூன்றையும் எழுதி வாருங்கள். லாரி எண், முதலாளி பெயர், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பாலிசி இவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குக் குழந்தைகள் படிப்பு, திருமணம், விபத்து மரணம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. பதிவு செய்யாதவருக்கு ஒன்றும் இல்லை.

இவையெல்லாம் ஆபத்து வந்த பிறகு உதவும் காரியங்கள். வராமல் தடுக்க ஒரே வழிதான் தெரிகிறது. ஓட்டும் நேரத்துக்குக் கூலி தருவது போல், காத்திருக்கும் நேரத்துக்கும் ஓய்வு நேரத்துக்கும் கூலி தர வேண்டும். அந்தச் செலவு முதலாளியின் தலையில் மட்டும் விழாமல் வாடகையில் சேரட்டும். வாடகை சரக்கின் விலையில் சேரட்டும். ஒரு லாரியில் பத்தாயிரம் கிலோ காய் வருகிறது என்று வையுங்கள். டிரைவர் ஐந்து மணி நேரம் தூங்குவதற்காக ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் கிலோவுக்குப் பத்துப் பைசாதான் கூடும்.

பத்துப் பைசாவுக்கு இப்போது கடையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்கூடக் கிடைக்காது. ஒரு மனிதரின் தூக்கம் கிடைக்கும்.