பொழுதுபோக்கு என்ற இடத்தில் என்ன எழுதுவது?

பிப்ரவரி பிறந்தால் பிளஸ் டூ வகுப்புகளில் பாடப் புத்தகங்களுக்கு நடுவே இன்னொரு புத்தகமும் கை மாறத் தொடங்கும். ஆட்டோகிராப் நோட்டு. வசதி உள்ள பிள்ளைகள் கடையில் அச்சடித்து விற்கும் ஸ்லாம் புக் வாங்குவார்கள். மற்றவர்கள் பழைய டைரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்வார்கள். பெயர், செல்லப் பெயர், பிறந்த நாள், பிடித்த நடிகர், பிடித்த ஆசிரியர், என்னைப் பற்றி ஒரு வரி என்று போய், பக்கத்தின் அடியில் இரண்டு கேள்விகள் நிற்கும்: பொழுதுபோக்கு, லட்சியம்.

சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பிள்ளைகள் நிரப்பிய பக்கங்களைப் படித்தால் ஒன்று கண்ணில் படும். லட்சியம் என்ற இடத்தில் பேனா தயங்குவதே இல்லை. டாக்டர், இன்ஜினியர், கலெக்டர், போலீஸ், நர்ஸ், ஆடிட்டர். பொழுதுபோக்கு என்ற இடத்தில்தான் தடுமாற்றம். 'டிவி பார்ப்பது', 'பாட்டு கேட்பது', 'தூங்குவது'. சில பக்கங்களில் வெறும் கோடு. என்ன ஆக வேண்டும் என்பது பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. என்ன பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வரவில்லை. இளம்பிள்ளைப் பக்கத்தில் ஒரு வீடு. முன்கட்டில் நான்கு விசைத்தறி, அடுத்த அறையில் பிளஸ் டூ படிக்கும் பெண். வேதியியல் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து போகிறாள். மூன்றாவது தறியில் தார் தீர்ந்துவிட்டதாம். என் காதுக்கு நான்கு தறியும் ஒரே இரைச்சல்தான். அவளுக்கு ஒவ்வொரு தறியின் ஓட்டமும் தனித்தனியாகக் கேட்கிறது. நாடாவை எடுத்து, வேறு தார் போட்டு, தறியை ஓட்டிவிட்டு வந்து விட்ட வரியிலிருந்து எழுதுகிறாள். சேலையில் எந்த உடலுக்கு எந்தக் கரை எடுக்கும் என்று அவளுடைய அப்பா அவளைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். ரஃப் நோட்டின் பின்பக்கமெல்லாம் மாங்காயும் மயிலும் கொடியுமாக பென்சிலில் போட்ட டிசைன்கள். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்கிறாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறை வீட்டுப் பையன்கள் விடுமுறை நாளில் சலங்கை பற்றவைத்துப் பழகியவர்கள். வெள்ளி விலை ஏறினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பொருளியல் ஆசிரியருக்கு முன்பே அறிந்தவர்கள். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் மகன் காலை நாளிதழில் முதலில் தேடுவது நாமக்கல் மண்டல முட்டை விலையை. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்கோ சத்தீஸ்கருக்கோ போன அப்பா எப்போது திரும்புவார் என்று காத்திருந்தே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. வண்டி பட்டறைக்கு வரும்போது அதன் கம்ப்ரெஸரைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இயற்பியல் பாடத்தில் அழுத்தம் பற்றி வரும் அத்தியாயத்தைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். ஆத்தூர் பக்கம் போனால் மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலையும்.

இவ்வளவும் கையில் இருந்தும் அந்த இடத்தில் கோடு போடக் காரணம், யாரும் இதுவரை இவர்களிடம் அந்தக் கேள்வியைப் பொருட்படுத்திக் கேட்டதில்லை என்பதுதான். கேட்காமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் இந்த வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் படிப்பு 1978-ல் வந்தது. 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கே அது சாதகம் என்ற வாதம் வலுத்து, 2007-08 சேர்க்கையிலிருந்து அது ஒழிந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு நல்லது செய்த முடிவு அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் பிறகு டாக்டரா இன்ஜினியரா என்பதை முழுக்க முழுக்க பிளஸ் டூ மதிப்பெண்ணே தீர்மானித்தது. இன்ஜினியரிங்குக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆப்பில் கால் மதிப்பெண்கூட கல்லூரியை மாற்றிவிடும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பகுதித் தனியார் விடுதிப் பள்ளிகள் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தன. இப்போது மாநிலம் முழுவதும் இருந்து பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைப்பது பரவலான நடைமுறை ஆனது. விடியும் முன்னே எழுப்புவது, குளியலுக்கு நேரம், சாப்பாட்டுக்கு நேரம், தினம் ஒரு தேர்வு, இரவு பதினொன்று வரை ஸ்டடி. மே மாதம் நாளிதழ்களில் மாநில ரேங்க் படங்கள், ஊர்ச் சாலைகளில் பிள்ளைகளின் முகங்களோடு பெரிய பெரிய பேனர்கள். முட்டைக்குப் பேர்போன ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்ற பட்டப்பெயரும் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

அந்தப் பள்ளிகளைத் திட்டிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. கறவை மாட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் பீஸ் கட்டிய அப்பாக்களை இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிவோம். ஏழாவதோடு நின்ற லாரி டிரைவரின் மகள் இன்று மருத்துவராக இருக்கிறாள் என்றால், அந்தக் குடும்பத்திடம் போய் அந்தப் படிப்பு தவறு என்று சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. மழையை நம்பிய நிலமும் கூலியை நம்பிய வீடுமாக இருந்தவர்களுக்கு, உழைத்தால் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே பொருள் மதிப்பெண். அதை அவர்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு இன்னொரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பிளஸ் டூ வகுப்பின் கால அட்டவணையில் இருந்த பி.டி. பீரியட் கணக்குக்குப் போனது. படம் வரைகிறவன் பிராக்டிகல் நோட்டுக்கு மட்டும் வரைந்தான். நன்றாகப் பாடுகிற பெண் ஆண்டு விழாவில் பாடக்கூட மேடை ஏறவில்லை, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆண்டு விழா கிடையாது. தனியார் பள்ளியைப் பார்த்து அரசுப் பள்ளிகளும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டன.

2017-ல் மூன்று மாற்றங்கள் சேர்ந்து வந்தன. ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. மருத்துவச் சேர்க்கை நீட் வழியாக ஆனது. அடுத்தடுத்து, 1200 மதிப்பெண் 600 ஆனது. நெருக்கடி குறையும் என்று நம்பியவர்கள் உண்டு. குறையவில்லை, பிளஸ் டூ முடித்தும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீட்டுக்காக விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் கூடினார்கள். நண்பன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போகும்போது இவன் இன்னும் தாவரவியல் வினாத்தாளோடு இருப்பான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்மையான மாற்றம். அந்த ஆண்டே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். சேர வழி திறந்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீங்கியிருக்கிறது. அந்த ஒரு வருடம் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா, அல்லது பழையபடி பிளஸ் டூ பாடம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொள்ளுமா என்பதைப் பெற்றோர் கண்காணிக்க வேண்டும்.

இந்த மண்ணிலிருந்து உலகம் அறிய எழுந்தவர்கள் இருவரின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்த இடத்தில் அதைச் சொல்லத்தான் வேண்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. அம்மா காய்கறி விற்றார். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனிடம் உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனின் அப்பா விசைத்தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். இருபது வயது வரை அவர் வீசியது டென்னிஸ் பந்து. 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான்.

இருவரின் பிளஸ் டூ மதிப்பெண் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உடற்கல்வி ஆசிரியர். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கியிருந்தால் அந்தப் பையன் தாண்டியதை யார் பார்த்திருப்பார்கள்? விளையாட்டு மட்டுமல்ல. திருச்செங்கோடு பகுதியில் பிறந்த பெருமாள்முருகனின் தந்தை சினிமா தியேட்டரில் சோடாக் கடை நடத்தியவர். அந்தத் தியேட்டரில் வேலை செய்த பையன்களின் உலகம்தான் பின்னாளில் 'நிழல் முற்றம்' நாவலானது. பையன் பொழுதைக் கழித்த இடத்திலிருந்து இலக்கியம் வந்தது.

இன்றைய பிள்ளைகளிடமும் அந்த ஈடுபாடு இருக்கிறது, நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் வேறு. ஆடி மாதம் சேலம் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும்போது, சாமி வேடத்தில் அலங்கார வண்டியில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அலங்காரத்துக்குத் தெர்மாகோல் வெட்டுகிற, லைட் கட்டுகிற கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. வீட்டில் அதற்குப் பெயர் 'ஊர் சுத்துறது'. மேட்டூர் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கூத்தில் மிருதங்கக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவனுக்கு மறுநாள் வகுப்பில் தூங்கியதற்காகத் திட்டு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பிளஸ் டூ முடித்த கையோடு பெயின்டரிடம் சேர்ந்த ஒரு பையனைப் பார்த்தேன். பின்கதவில் மயிலின் தோகையை ஒரே மூச்சில் இழுத்தான், கை நடுங்கவே இல்லை. "ஸ்கூல்ல டிராயிங் பீரியடே கிடையாதுங்கண்ணா, பயாலஜி ரெக்கார்டுல தவளை போட்டதுதான்" என்றான். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தத் தவளையைப் போட்டுக் கொடுத்தவனும் அவனே.

பெண் பிள்ளைகளின் பக்கங்களைத் தனியாகப் படிக்க வேண்டும். லட்சியம் என்ற இடத்தில் அவர்கள் எழுதும் 'நர்ஸ்', 'டீச்சர்' என்பவற்றுக்குள் இன்னொரு லட்சியம் இருக்கிறது: இன்னும் மூன்று வருடம் கல்யாணப் பேச்சு வராமல் படிக்க வேண்டும். கிராமத்தில் பிளஸ் டூ ரிசல்ட்டும் ஜாதகமும் ஒரே மாதத்தில் வெளியே வருகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை அல்ல என்பவர்கள் பஸ் பாஸுக்கும் மதியச் சோற்றுக்கும் அப்பாவிடம் கை நீட்டுகிற பெண்ணிடம் கேட்க வேண்டும். 'என் செலவை நானே பார்த்துக்கறேன்' என்று அவள் வீட்டில் சொல்ல முடிகிறது; கல்யாணப் பேச்சு ஒரு வருடம் தள்ளிப் போக அது போதும்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வழிகாட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. போய்க் கேளுங்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பிள்ளை எதில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வாசல்கள் பல வீடுகளில் தெரிவதில்லை. தறிச் சத்தத்தில் படிக்கும் அந்தப் பெண்ணின் சொந்த மாவட்டமான சேலத்திலேயே மத்திய அரசின் இந்திய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது; அவள் பென்சிலில் போட்டுப் பார்ப்பதை நெசவுத் தொழில்நுட்பமாகவே படிக்கலாம். முட்டை விலை பார்க்கும் பையனுக்கு நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கட்-ஆப் எட்டாவிட்டால் அந்தக் கல்லூரி சேர்ந்த பல்கலைக்கழகத்தின் கோழியினத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு ஓசூரில் இருக்கிறது. ரிக் வண்டியைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவன் பிளஸ் டூ தகுதியோடு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொடையில் தாளம் போடுகிறவனுக்குச் சேலத்திலேயே மாவட்ட அரசு இசைப் பள்ளி. மயில் வரைந்த பையனுக்குக் கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவனிடம் இதைச் சொன்னபோது பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு என்ன கட்-ஆப்புங்கண்ணா?"

அங்கே அவன் வரைந்து காட்டினால்தான் இடம் என்று சொன்னேன். விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று எழுதித் தரச் சொல்லி, பெயின்ட் படாத ஒரு துண்டுக் காகிதத்தைத் தேடிக்கொண்டு வந்தான்.